கிளெக் மேல் நமக்கு ஏன் பரிதாபம் வந்தது?

வந்த கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "ஜான் ஃபவுல்ஸின் 'தி கலெக்டர்' நாவலை இரண்டே இரவில் முடித்தேன். கீழே வைக்க மனமில்லை. முடித்ததும் கையைக் கழுவிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஒரு பெண்ணைக் கடத்தி அடைத்து வைத்தவன் மேல் பாதிப் புத்தகம் வரை பரிதாபப்பட்டிருக்கிறேன். அடைபட்டுக் கிடந்தவள் மேல் எரிச்சல் வந்தது. அவள் டைரி அலுப்புத் தட்டியது. முடிவைப் படித்துவிட்டுத் தூக்கி எறியலாமா என்றிருந்தது. இது நல்ல நாவல்தானா, இல்லை என்னிடம்தான் ஏதாவது கோளாறா? தோழி ஒருத்தி கேட்கிறாள், கொடுக்கலாமா?"

உங்களிடம் கோளாறு ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன நான்கு புகாரும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. மூன்று, ஆசிரியர் வேண்டுமென்றே உங்களுக்குள் உண்டாக்கியவை. ஒன்று, அவர் சறுக்கிய இடம். இவை போக இன்னொரு விஷயத்தில் எனக்கே இரண்டு மனம். முடிவையும் சேர்த்துத்தான் பேசப்போகிறேன், நாவலைப் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் கதையை ஒரு முறை நினைவுபடுத்திக்கொள்வோம். ஃபிரெடெரிக் கிளெக் நகரசபை அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா. இரண்டு வயதில் அப்பா இறந்துவிட்டார், அம்மா விட்டுவிட்டுப் போய்விட்டாள், வளர்த்தது அத்தை. பொழுதுபோக்கு, வண்ணத்துப்பூச்சிகளைப் பிடித்துக் குத்தி வைப்பது. அலுவலகத்துக்கு எதிர்வீட்டுப் பெண் மிராண்டா. அவளை ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து, பார்த்த நாளையெல்லாம் குறித்து வைக்கிறான். பெயர் தெரியாத வரை ஒரு பெருக்கல் குறி, தெரிந்த பிறகு 'எம்' என்ற எழுத்து. அந்தக் காலத்து இங்கிலாந்தில் வாராவாரம் கால்பந்து ஆட்டங்களின் முடிவைக் கணித்துச் சீட்டு நிரப்பி அனுப்புவார்கள். அதில் அவனுக்கு 73,091 பவுண்ட் விழுகிறது. அத்தையையும் அத்தை மகளையும் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிட்டு, சஸெக்ஸ் பக்கம் நிலவறையோடு தனியாக நிற்கும் ஒரு பழைய வீட்டை வாங்குகிறான். லண்டனில் ஓவியம் படிக்கும் இருபது வயது மிராண்டாவை ஒரு வேனில் தூக்கி வந்து அங்கே அடைக்கிறான். முதல் பகுதி அவன் வாயால் வருகிறது. இரண்டாவது, அவள் ரகசியமாக எழுதிய டைரி. கடைசி இரண்டும் மறுபடி அவன்தான்.

(தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் புத்தகத்தை மேஜையில் பார்த்த என் பெரியப்பா, 'பரவாயில்லையே, பரீட்சைக்குப் படிக்கிறாயா' என்று மிகவும் சந்தோஷப்பட்டார். தமிழில் கலெக்டர் என்றால் ஜில்லா கலெக்டர்தானே. சேகரிப்பவன் என்று விளக்கியபோது அவர் முகம் விழுந்ததை இன்னும் மறக்கவில்லை.)

சரி, பரிதாபத்துக்கு வருவோம். அவன் மேல் ஏன் இரக்கம் வந்தது? அனாதை, ஏழை, கூச்சக்காரன் என்பதெல்லாம் ஒரு பங்குதான். பெரிய பங்கு அவன் பேசும் விதத்துக்கு. அவன் அவளைக் 'கைதி' என்று நினைப்பதே இல்லை, தன் விருந்தாளி என்றுதான் நினைக்கிறான். கெட்ட வார்த்தை சொல்லமாட்டான். படுக்கை விஷயத்தைச் சுற்றி வளைத்துத்தான் தொடுவான், அவள் வெளிப்படையாகப் பேசினால் அசிங்கம் என்று முகம் சுளிப்பான். கொஞ்சம் படித்தவன் பெரிய மனிதர்கள் மாதிரி பேச முயலும்போது வரும் விறைப்பான ஆங்கிலம் அது. தமிழில் இதற்கு நெருக்கமாக எதையாவது சொல்ல வேண்டும் என்றால் மனு எழுதும் மொழிதான்: 'மேற்படி', 'தங்கள் மேலான கவனத்துக்கு', 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்'. ஒரு கொடுமையைப் பக்கம் பக்கமாக மனு நடையில் கேட்டால் என்ன ஆகும்? குரலில் இருக்கும் பணிவு காதில் விழும். நடந்த செயல் கொஞ்சம் பின்னால் போய்விடும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? அவன் எப்போதும் ஒரு கணக்கு வைத்திருக்கிறான். கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்தேன்: உடை, ஓவியப் புத்தகம், இசைத்தட்டு, வாசனைத் திரவியம். தொடவில்லை. இன்னொருவனாக இருந்தால் சும்மா இருந்திருப்பானா? நான்கு வாரத்தில் விட்டுவிடுவதாக வாக்குக் கொடுக்கிறான். கடைசி நாளில் விருந்து வைத்து, நகை கொடுத்து, கல்யாணம் செய்துகொள் என்கிறான். அவள் மறுக்கிறாள். வாக்கு போகிறது, மறுபடி குளோரோஃபார்ம். மயங்கிக் கிடப்பவளைப் படம் எடுக்கிறான். எடுத்துவிட்டு, தான் எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தேன் என்று நம்மிடம் பாராட்டை எதிர்பார்க்கிறான். முதல் வாசிப்பில் நானும் அந்த இடத்தில் ஒரு கணம் தலையாட்டினேன். 'பரவாயில்லை, அதற்கு மேல் போகவில்லையே' என்று. எதை எதோடு ஒப்பிட்டு நிம்மதி அடைந்தேன் என்று உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இரண்டாவது முறை படித்தபோது ஒரு சோதனை செய்தேன். முதல் பகுதியைத் தள்ளிவிட்டு நேராக டைரியில் தொடங்கினேன். அதை முடித்துவிட்டு அவன் பகுதிக்குப் போனேன். நம்பமாட்டீர்கள், பரிதாபம் துளிகூட எழவில்லை. முதல் பக்கத்திலிருந்தே அவன் ஒரு சலிப்பூட்டும் ஆள், கொடூரன். அதே வாக்கியங்கள்தான், ஒரு எழுத்து மாறவில்லை. ஆக, அந்த இரக்கம் வந்ததற்குக் காரணம் பகுதிகளின் வரிசை. யார் முதலில் வந்து கதை சொல்கிறாரோ அவர் பக்கம் மனம் சாய்கிறது. பஞ்சாயத்தில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஃபவுல்ஸ் இதை நன்றாகத் தெரிந்தே செய்திருக்கிறார். நாவலுக்குள் இருக்கும் ஒரு சின்னச் செய்தியே போதும்: மிராண்டாவை வேனருகே வரவழைக்க அவன் சொல்லும் பொய், ஒரு நாய் மேல் வண்டியை ஏற்றிவிட்டேன், கொஞ்சம் பாருங்கள் என்பது. இரக்கப்பட்டுத்தான் அவள் கிட்டே வருகிறாள். நம்மையும் அதே தூண்டிலால்தான் பிடித்திருக்கிறார்.

அடுத்து மிராண்டா மேல் உங்களுக்கு வந்த எரிச்சல். எனக்கும் வந்தது, இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அவளுக்கு மேட்டிமை அதிகம். அவன் உச்சரிப்பு, உடை, சுவரில் மாட்டும் அலங்காரம் எல்லாமே அவளுக்குக் கீழ்த்தரம். அவன் தன் பெயர் ஃபெர்டினாண்ட் என்கிறான். ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' நாடகத்தில் மிராண்டாவின் காதலன் பெயர் அது. இவளோ அதே நாடகத்தின் காட்டு மனிதன் பெயரால் அவனைக் காலிபன் என்கிறாள். கைதியாக இருந்துகொண்டே ஏளனம் செய்கிறாள் என்று நமக்குச் சுருக்கென்கிறது. ஆனால் பாருங்கள், கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்திருப்பவன் அவன். அவளிடம் இருக்கும் ஒரே ஆயுதம் நாக்கு. நாவல்களில் பாதிக்கப்பட்டவள் சாந்தமாக, நல்லவளாக இருந்தால்தான் நமக்கு முழு அனுதாபம் வருகிறது. இவள் அந்த வசதியைத் தரவில்லை. இருபது வயதில் படித்த வீட்டுப் பெண்கள் சிலருக்கு இருக்கும் அலட்டலோடு, அப்படியே இருக்கிறாள். அலட்டலுக்குத் தண்டனை நிலவறையா என்ன?

அதோடு, மாறிக்கொண்டே வருபவள் அவள் ஒருத்திதான். ஒருமுறை கோடாரியால் அவனைத் தாக்குகிறாள். அடி சரியாக விழவில்லை. பிறகு டைரியில், தப்பிக்க முடியாமல் போனதைவிட, அவன் தரத்துக்குத் தான் இறங்கிவிட்டதைப் பற்றித்தான் அதிகம் வெட்கப்படுகிறாள். அது அசட்டுத்தனமா, உயர்வா என்று இன்று வரை எனக்குத் தெளிவில்லை. ஆனால் தன்னைத்தானே கேள்வி கேட்க அங்கேதான் ஆரம்பிக்கிறாள். அவனோ முதல் பக்கத்தில் எப்படி இருந்தானோ கடைசிப் பக்கத்திலும் அப்படியே.

டைரி அலுப்பு என்பது நியாயமான புகார். அங்கே ஆசிரியர் சறுக்கியிருக்கிறார். காரணம் ஜி.பி. என்ற ஓவியர். மிராண்டாவைவிட இருபத்தொரு வயது மூத்தவர். கலை எது, போலி எது, எப்படி வாழ வேண்டும் என்று ஓயாமல் போதிப்பவர். அவள் அவர் சொன்னதையெல்லாம் விதிகளாக எழுதி வைத்துப் பக்கம் பக்கமாக நினைத்துப் பார்க்கிறாள். மூச்சு முட்டும் ஓர் அறையில் இருக்கும் பெண்ணுக்கு வெளி உலகத்து நினைவு வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜி.பி. வாயைத் திறக்கும்போதெல்லாம் மிராண்டா காணாமல் போகிறாள், ஃபவுல்ஸ் குரல்தான் கேட்கிறது. அச்சான முதல் நாவல், அடக்க முடியவில்லை போல. அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டினால் ஒன்றும் குறையாது.

இதே முடிவுக்கு இயக்குநர் வில்லியம் வைலரும் வந்திருக்க வேண்டும். 1963-இல் நாவல் வந்தது, 1965-இல் படம். ஜி.பி. வேடத்தில் கென்னத் மோர் நடித்த காட்சிகளை எடுத்தும்விட்டார், பிறகு படத்தொகுப்பில் முழுவதையும் வெட்டிவிட்டார். படம் விறுவிறுப்பானது உண்மை. நடித்த டெரன்ஸ் ஸ்டாம்ப், சமந்தா எகர் இரண்டு பேருக்கும் அந்த வருடம் கான் விழாவில் நடிப்புக்கான விருதும் கிடைத்தது. ஆனால் ஒரு விலை கொடுத்திருக்கிறார். டைரி போனதோடு மிராண்டாவின் உள்மனமும் போய்விட்டது. ஸ்டாம்ப் வேறு அவ்வளவு அழகன். நாவலில் ஆரம்பத்தில் நமக்கு வரும் பரிதாபம், படத்தில் அவிழ்க்கப்படாமலே முடிந்துவிடுகிறது. அலுத்தாலும் டைரி அங்கே இருந்தாக வேண்டும். கொஞ்சம் சுருக்கியிருக்கலாம், அவ்வளவுதான்.

டைரியின் பலம் ஜி.பி. இல்லாத பக்கங்களில் இருக்கிறது. ஒரே சம்பவத்தை அவன் சொல்லிக் கேட்டிருப்போம், இப்போது அவள் சொல்கிறாள். உதாரணமாக, குடல்வால் வலி என்று அவள் நடிப்பது. டாக்டரைக் கூட்டி வருவதாகச் சொல்லிக் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு அவன் வெளியே காத்து நிற்கிறான். அவள் ஓடிவந்து அவன் எதிரிலேயே வந்து விழுகிறாள். அவன் சொல்லும்போது அது ஒரு புத்திசாலித்தனம், நமக்குக்கூட லேசாகச் சிரிப்பு வரும். பிறகு அவனுடைய ஜலதோஷம் அவளுக்குத் தொற்றி நிமோனியாவாக முற்றுகிறது. அவள் உண்மையிலேயே மூச்சுக்குத் தவிக்கும்போது, நடிக்கிறாள் என்று நினைத்துக்கொள்ள அவனுக்கு அந்தப் பழைய சம்பவம் கையில் இருக்கிறது. டைரி பாதியில் தடுமாறி, வாக்கியங்கள் உடைந்து நின்றுவிடுகிறது. அப்புறம் மூன்றாம் பகுதியில் அதே நாட்களை அவன் நிதானமாகச் சொல்லத் தொடங்குகிறான். டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறை வரை போகிறான். மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்று கூச்சமும் பயமும் வந்து திரும்பிவிடுகிறான். ஒரு பெண்ணின் உயிர் போனது, நாலு பேர் முறைத்துப் பார்ப்பார்களே என்ற சங்கடத்தால். இதைவிட இருண்ட பக்கத்தை ரத்தம் தெறிக்கும் திரில்லர்களில்கூட நான் படித்ததில்லை.

முடிவு உங்களுக்கு வெறுப்பேற்றியது என்றீர்கள். நன்றாக ஏற்றட்டும், அதற்காகத்தான் அந்தப் பகுதி. அவள் இறந்ததும் தானும் சாகப்போவதாக, இருவரையும் சேர்த்துப் புதைப்பார்கள் என்பதாக அவன் கற்பனை ஓடுகிறது. காதல் கதைகளில் படித்துப் பழகிய நமக்கும் அப்படி ஒரு முடிவு கிடைத்தால் ஆறுதலாகத்தான் இருக்கும். பிறகு டைரி அவன் கையில் கிடைக்கிறது. அவள் தன்னைக் காதலிக்கவே இல்லை என்று அதில் படித்துத் தெரிந்துகொள்கிறான். தெரிந்துகொள்ள டைரி தேவைப்பட்டது பாருங்கள்! உடனே துக்கம் வடிந்துவிடுகிறது. ஆப்பிள் மரங்களுக்கு அடியில் புதைக்கிறான், அறையைச் சுத்தம் செய்கிறான். கடைப் பெண் ஒருத்தி கண்ணில் படுகிறாள், பெயர் மரியன். மறுபடி ஒரு 'எம்'. இந்த முறை காதல் எல்லாம் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்கத்தான் என்கிறான். நாவலின் கடைசிப் பகுதி இரண்டு மூன்று பக்கம்தான். பூச்சி சேகரிப்பவனுக்கு ஒரு மாதிரி போதாது என்பதை நாம் ஆரம்பத்திலேயே கவனித்திருக்க வேண்டும்.

இனி எனக்கு இரண்டு மனமாக இருக்கும் விஷயம். ஃபவுல்ஸ் அடுத்த வருடம், 1964-இல், 'தி அரிஸ்டோஸ்' என்ற சிந்தனை நூலை வெளியிட்டார். பிற்பாடு அதைத் திருத்திய பதிப்பின் முன்னுரையில் இந்த நாவலைப் பற்றி விளக்கம் கொடுக்கிறார். பழைய கிரேக்கச் சிந்தனையாளர் ஹெராக்ளிட்டஸ் மனிதர்களை அறிவும் நேர்மையும் உள்ள சிலர், மற்றப் பலர் என்று பிரித்தார். அந்த மோதலைத்தான் எழுதினேன், கிளெக்கின் தீமைக்குக் காரணம் மோசமான கல்வியும் சூழலும் அனாதையானதும்தான், அந்தப் பிரிவுக்கோடு மனிதருக்கும் மனிதருக்கும் நடுவில் ஓடவில்லை, ஒவ்வொருவருக்கு உள்ளேயும் ஓடுகிறது என்கிறார். கட்டுரையில் படிக்க நன்றாக இருக்கிறது. நாவலில் அப்படித் தெரிகிறதா? குமாஸ்தாவுக்குப் பணம் வந்தால் இப்படித்தான் ஆவான் என்று சொல்வது போன்ற ஒரு வாடை எனக்கு அடிக்கத்தான் செய்கிறது. ரசனை உள்ளவர்கள் உயிர்த்துடிப்போடு, ரசனை இல்லாதவர்கள் பிணம் மாதிரி. நானும் குமாஸ்தா வீட்டுப் பிள்ளை. அந்தப் பக்கங்களில் கிளெக்குக்காக எனக்கு வரும் கோபம் வேறு ரகம், அதைப் பரிதாபத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. உங்கள் பரிதாபத்திலும் இதில் கொஞ்சம் கலந்திருக்கலாம், பிரித்துப் பாருங்கள்.

நல்லவேளை, நாவல் அதன் ஆசிரியரின் கோட்பாட்டைவிடக் கெட்டி. கிளெக்கைப் போலவே அனாதையாக, ஏழையாக, கேலிக்கு ஆளாக வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர். யாரும் நிலவறை வாங்கவில்லை. ஒவ்வொரு படியிலும் அவனுக்கு வேறு வழி இருந்தது, ஒவ்வொரு படியிலும் 'எனக்கு வேறு வழி இல்லை' என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போகிறான். ஃபவுல்ஸ் முன்னுரையில் கொடுக்கும் விளக்கத்தைக் கிளெக்கே படித்திருந்தால் மிகவும் சந்தோஷப்பட்டிருப்பான்.

ஒரு விஷயத்தை மறைக்க விரும்பவில்லை. 1980-களில் கலிஃபோர்னியாவில் லெனர்ட் லேக் என்பவன் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து பெண்களை அடைத்து வைத்துக் கொன்றான். தன் திட்டத்துக்கு இந்த நாவலின் நாயகி பெயரைத்தான் வைத்திருந்தான். 1985-இல் பிடிபட்டதும் சயனைடு சாப்பிட்டான். இதற்காகப் புத்தகத்தைக் குற்றவாளி ஆக்கமாட்டேன். அவன் முதல் பகுதியைக் கையேடாகப் படித்தவன், டைரியைப் படித்தும் அது அவனுக்குள் இறங்கவில்லை. ஆனால் 'வெறும் கதைதானே' என்று தோளைக் குலுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. படித்து முடித்ததும் கையைக் கழுவத் தோன்றியது என்றீர்களே, அந்த உணர்வை நான் நம்புகிறேன்.

ஆக, நல்ல நாவலா? ஆம். பிடித்த நாவலா என்று கேட்டால் தயங்குவேன். மூன்று முறை படித்திருக்கிறேன், யாருக்கும் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்ததில்லை.

தோழிக்குக் கொடுப்பதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்: பெண்ணைக் கடத்துவது, அடைத்து வைப்பது, மெல்ல மெல்ல நடக்கும் ஒரு சாவு. யாராவது பின்தொடர்ந்து தொல்லை கொடுத்த அனுபவம் அவருக்கு இருந்தால் இன்னும் யோசியுங்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு இதையெல்லாம் சொல்லாமல் கொடுத்துவிட்டேன். நாற்பது பக்கத்தில் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "இந்த ஆள் பேசுவதை ஆறு மாதம் பஸ் ஸ்டாண்டில் கேட்டிருக்கிறேன் சார், காசு கொடுத்து வேறு கேட்கணுமா?" என்றார். அவருக்கு வரிசை எதையும் மாற்றிக் கொடுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.